ஐசியு முடிந்து வீடு வந்த அப்பா: உங்கள் கேள்விக்கு

நிமோனியாவுக்கு மூன்று வாரம் ஐசியுவில், வெண்டிலேட்டரில் இருந்த அப்பா, இரண்டு மாதமாகியும் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, "நர்ஸ் என்னைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்த்தாள்" என்கிறார், மூளை குழம்பிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள்.

இப்படி ஆவது அபூர்வமில்லை. உடம்பு, நினைவாற்றல், மனம் மூன்றிலும் வரும் இந்தத் தொல்லைகளுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. கடும் நோயில் படுத்தால் முதல் 10 நாளிலேயே தொடைத் தசை கணிசமாகக் கரைந்துவிடும். அதனால் சோம்பேறித்தனம் என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

அந்த நர்ஸ் கதை பெரும்பாலும் மயக்க மருந்தும் காய்ச்சலும் சேர்ந்து உண்டாக்கிய பிரமை. ட்யூபைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டியிருப்பார்கள், அது மனதில் அப்படிப் பதிந்திருக்கும். "பொய்" என்று வாதாடாதீர்கள். எந்த நாள் என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்ததை நோட்டில் எழுதி, அவர் கேட்கும்போது படித்துக் காட்டுங்கள். சில நாடுகளில் ஐசியு நர்ஸ்களே இப்படி டைரி எழுதித் தருகிறார்கள். தூக்கமின்மையும் பயமும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா? தொண்டையில் ட்யூப் இருந்தவர்களுக்கு விழுங்குவதில் சிக்கல் வரலாம். அப்படியென்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மறுபடி நிமோனியா வர அதுவே வழி.