கோடையில் டெல்லி: மூன்று நாள் பயணத்துக்கு ஒரு திட்டம்

கேள்வி: மே மாதம் மூன்றாம் வாரத்தில் ஞாயிறு இரவு குடும்பத்துடன் டெல்லி சென்று சேர்ந்து, புதன் இரவு ரயிலில் திரும்புகிறோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவரும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் உடன் வருகிறார்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில், அட்சர்தாம், குதுப்மினார், ஆக்ரா ஆகியவற்றை எந்த வரிசையில் பார்க்கலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, முதலில் கிழமையைக் கவனியுங்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில், அட்சர்தாம், தேசிய அருங்காட்சியகம் ஆகிய நான்குக்கும் திங்கள்கிழமை விடுமுறை. ஆகவே திங்களன்று காலை ஏழு மணிக்குள் குதுப்மினார் வளாகத்துக்குச் சென்றுவிடுங்கள். 1981-இல் நேர்ந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு கோபுரத்தின் உள்ளே ஏற யாரையும் அனுமதிப்பதில்லை என்பதால், மாமியார் படியேற வேண்டுமோ என்ற கவலை வேண்டாம். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகத் துருவேறி அழியாமல் நிற்கும் இரும்புத் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதில் பொறித்துள்ள ‘சந்திர’ என்னும் அரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்று அறிஞர்கள் பலர் கருதுவதையும் சொல்லுங்கள். பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட்டால், பொழுது சாய்ந்தபின் இந்தியா கேட்டையும் அதன் அருகிலுள்ள போர் நினைவிடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆக்ராவை இம்முறை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். நிழலற்ற சலவைக்கல் தளத்தில் மே மாத வெயிலில் நிற்பது முதியவருக்குக் கடினம். போகவர ஒரு நாள் முழுவதும் போய்விடும். அந்த ஏமாற்றத்தைச் செவ்வாய் காலை ஹுமாயூன் கல்லறை ஓரளவு தீர்த்துவைக்கும். அரசி பேகா பேகத்தின் முயற்சியில் 1570-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்த இந்தச் சிவப்புக்கல் மாளிகைதான், நாற்புறத் தோட்டத்தின் நடுவே உயர்ந்த மேடை, அதன்மேல் இரட்டைக் குவிமாடம் என்ற அமைப்பில், சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பின் கட்டத் தொடங்கிய தாஜ்மகாலுக்கு முன்னோடி. 1857 கிளர்ச்சி ஒடுங்கியபோது கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் அடைக்கலம் புகுந்து, பிடிபட்டதும் இங்கேதான். மேடைப் படிகள் செங்குத்தானவை. மாமியார் தோட்டத்து மர நிழலில் அமர்ந்தே கட்டடத்தின் அழகை முழுமையாகக் காணலாம்.

அன்று நண்பகலைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். மொகஞ்சதாரோவின் நடன மங்கையைப் படத்தில் பார்த்தவர்கள், அச்சிலை வெறும் 10 சென்டிமீட்டர் அளவே என்பதை நேரில் கண்டு வியப்பார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன் நம் ஊர்க்காரர்கள் அதிக நேரம் நின்றுவிடுவது இயல்பு. அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன் காலை முதலில் ஜும்மா மசூதி, பின்பு செங்கோட்டை திறந்ததும் அங்கே. மசூதி முற்றத்தில் செருப்பின்றி நடக்க வேண்டும்; வெயில் ஏறிவிட்டால் கல் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால் காலுறை எடுத்துச் செல்லுங்கள். தாமரைக் கோயில், அட்சர்தாம் இரண்டில் ஒன்றை மட்டும் செவ்வாய் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தங்குமிடத்தை மெட்ரோ நிலையத்துக்கு அருகிலேயே தேடுங்கள். அறை வாடகையில் சிக்கனம் பார்க்க வேண்டாம்; நண்பகல் நேரத்தின் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கப் போகிறீர்கள். தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் வயதுச் சான்றைக் கையோடு வைத்திருங்கள்.

கேள்வி: சென்னை வெயிலில் வளர்ந்த எங்களுக்கு டெல்லி வெயில் புதிதா என்ன?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: புதிதுதான். சென்னையில் உடல் நனைந்து நம்மை எச்சரிக்கும். டெல்லியில் மேற்கிலிருந்து வீசும் ‘லூ’ என்னும் வறண்ட அனல்காற்று வியர்வையை அரும்பியவுடனே உலர்த்திவிடுவதால், நீர் குறைவதே தெரியாமல் தலைசுற்றல் வந்துவிடுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீரோ மோரோ பருகுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைப் பையில் வைத்திருங்கள். தலையையும் காதையும் பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். முதியவர் யாரேனும் தடுமாறிப் பேசினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ, உடனே நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்தபடியே 108-க்கோ 112-க்கோ அழையுங்கள்.