மல்யுத்தத்தில் தோற்கும் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறான்?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 12 வயது மகன் முதல் போட்டியிலேயே தோற்றுவிட்டான், இனி போக மாட்டேன் என்கிறான், இதில் அவன் என்னதான் கற்றுக்கொள்ளப் போகிறான் என்று. இங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அனுபவத்தில் சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் தோற்றால் பதினொரு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். மல்யுத்தத்தில் அதற்கு வழியே இல்லை. இரண்டு தோளும் விரிப்பில் பட்டு அழுந்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. நடுவர் எதிராளியின் கையைத் தூக்கும்போது இவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்புறம் அந்தப் பையனுக்கும் அவனுடைய பயிற்சியாளருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போதும் கையை நீட்டுகிற அந்தச் சில நொடிகளைத்தான் பெரிய பாடம் என்பேன்.

அழுகை நின்றபின் கேள்வி வரும்: எங்கே விட்டேன்? காலைப் பிடிக்கப் போனபோது தலை தாழ்ந்ததா, கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்கியதா? பதில் கிடைத்தால் மறுநாள் பயிற்சிக்கு வேலை கிடைத்துவிடும்.

சாக்‌ஷி மாலிக் என்ற மல்யுத்த வீராங்கனையைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் தோற்றார். அவரை வென்றவர் இறுதிப்போட்டிக்குப் போனதால் ரெப்பசாஜ் எனப்படும் மறுவாய்ப்புச் சுற்றில் ஆட முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 0-5 என்று பின்தங்கி, 8-5 என்று வென்றார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? பஸ்ஸில் திரும்பி வரும்போதே ஏன் தோற்றாய் என்று குடையாதீர்கள். சாப்பிடட்டும், தூங்கட்டும். குறைந்த எடைப் பிரிவில் ஆட வைப்பதற்காகப் பட்டினி போடவும் வேண்டாம்.