திருகோணமலையிலிருந்து நடப்பு விவகாரம்: கேள்வி பதில்

வானொலிக்கும் சஞ்சிகைகளுக்கும் திருகோணமலையிலிருந்து நீண்டகாலம் எழுதியவன் என்பதால், இந்தத் துறைக்கு வர நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உப்புவெளி, உயர்தர மாணவி: சேர், செய்தியும் நடப்பு விவகார நிகழ்ச்சியும் ஒன்றுதானே?

இல்லை பிள்ளை. சீனன்குடா எண்ணெய்க் குதங்களை எடுத்துப் பாருங்கள். 2022 ஜனவரி 6ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது செய்தி. இரண்டு நிமிடத்தில் வாசித்து முடித்துவிடலாம். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய 99 தாங்கிகளில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். 2003இலேயே இதே இடத்தைப் பற்றி ஓர் ஏற்பாடு நடந்ததே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? காடு மூடிக் கிடக்கிற தாங்கிகளில் எத்தனையைத் திருத்தி எடுத்தார்கள்? சீனன்குடாவில் குடியிருக்கிறவனுக்கு இதில் வேலை கிடைத்ததா? இவற்றைத் தேடிப் போகும்போதுதான் நடப்பு விவகாரம் தொடங்குகிறது. கொழும்பிலிருந்து வருகிற செய்தியாளர் கையெழுத்தான அன்று வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆறு மாதம் கழித்தும் போய்ப் பார்க்கக் கூடியவர் இங்கேயே இருக்கிறவர்தான். நமது பலம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிண்ணியா, இளம் நிருபர்: சஞ்சிகைக்கு எழுதியதை அப்படியே வானொலியில் வாசித்தால் எடுபடுவதில்லை. ஏன்?

கேட்கிறவர் திரும்பிப் பார்த்து வாசிக்க முடியாது தம்பி. உங்கள் ஊர்க் கதையையே எடுக்கிறேன். 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவை, கவிழ்ந்தது. சஞ்சிகையில் இப்படி எழுதலாம்: “பாலம் நிர்மாணிக்கப்பட்டு வந்த நிலையில் மாற்று ஏற்பாடாக இயங்கிய படகுப் பாதை கவிழ்ந்ததில் பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர்.” வானொலியில் இதைக் கேட்கிறவருக்கு யார், எங்கே என்பது பிடிபடுவதற்குள் வாக்கியம் முடிந்துவிடும். உடைத்துச் சொல்லுங்கள்: “குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் சனங்கள் படகுப் பாதையில் போனார்கள். இன்று காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.” ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். எண்கள் இரண்டுக்கு மேல் வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே முற்றுப்புள்ளி.

அப்புறம் இன்னொன்று. முதல்நாள் வருகிற இறப்பு எண்ணிக்கை மாறும். “இதுவரை” என்ற சொல்லை விடவே கூடாது. அடுத்த வாரம் சஞ்சிகைக்கு எழுதும்போது அந்தப் படகுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள், பாலம் ஏன் பிந்தியது என்று கேளுங்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அன்றைய செய்தியை விட அந்தக் கேள்விதான் முக்கியம்.

மூதூர்: சம்பளம் கிடைக்குமா ஐயா?

பிராந்திய நிருபர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் இல்லை. வெளிவந்த செய்திக்குத்தான் காசு, அதுவும் சொற்பம். ஆகவே இன்னொரு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள். இது மாற வேண்டும். ஒரு மாவட்டத்தின் செய்தி முழுவதையும் சுமக்கிறவருக்கு நிறுவனங்கள் பயணச் செலவைக்கூடக் கொடுக்காமல் இருப்பது அநியாயம்.

நகரிலிருந்து ஓர் ஆசிரியை: சுகிர்தராஜனின் படங்களைப் பற்றி வகுப்பில் சொல்ல விரும்புகிறேன். எதை வலியுறுத்தலாம்?

நல்ல காரியம் ரீச்சர். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. சுடர் ஒளி பத்திரிகையில் படங்கள் வெளிவந்தன. ஜனவரி 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். துறைமுகத்தில் வேலை செய்துகொண்டே நிருபராக இருந்தவர் அவர்.

பிள்ளைகளுக்கு அவருடைய துணிச்சலைச் சொல்லுங்கள். அதோடு அவர் செய்த வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள். அவர் அந்தப் படங்களோடு வாதம் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காயம் இருந்த இடம் தெரிகிற மாதிரி, கிட்ட நின்று, தெளிவாக எடுத்தார். அதிகாரம் சொன்ன கதை அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கவில்லை. இன்று எல்லாருடைய கையிலும் கமரா இருக்கிறது. ஆனால் எடுத்த இடம், நேரம், எடுத்தவர் தெரியாத படம் வட்ஸ்அப்பில் சுற்றுமே தவிர, எதையும் நிரூபிக்காது. மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருக்கப் பழக்குங்கள்.

சம்பூர்: காணி விடுவிப்புப் பற்றி அலுவலகத்தில் கேட்டால் “மேலிடத்தில் கேளுங்கள்” என்கிறார்கள். என்ன செய்வது?

எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா மாட்டார்களா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது.

கேள்வி கேட்கிற விதம் முக்கியம். “எங்கள் காணியை ஏன் இன்னும் விடவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அப்படியொரு காகிதம் அவர்களிடம் இல்லை. “இன்ன கிராம சேவகர் பிரிவில், இன்ன திகதிக்குப் பிறகு விடுவிக்கப்பட்ட காணிகளின் பட்டியலும் அது தொடர்பான கடிதங்களின் பிரதிகளும் தேவை” என்று கேளுங்கள். இருக்கிற ஆவணத்தைக் கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். விண்ணப்பம் கொடுத்த அன்றே கையெழுத்தோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

தம்பலகாமம்: சிங்களம் தெரியாமல் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், ஆனால் நன்றாகச் செய்ய முடியாது. பொலிஸ் அறிக்கை பெரும்பாலும் முதலில் சிங்களத்தில்தான் வரும். மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தால் அரை நாள் போய்விடும். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் இருக்கின்றன. சிங்களவர் அதிகம் வாழ்கிற சேருவிலக்காரருடன் அவர் மொழியில் பேசாமல் காணிப் பிரச்சினை பற்றி எழுதினால், பாதியைத்தான் எழுதுவீர்கள்.

நிலாவெளி: முன்பு பிபிசி தமிழோசை கேட்போம். அப்படி ஆழமான நிகழ்ச்சி இப்போது ஏன் இல்லை?

அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றது. இரவில் அரை மணித்தியாலம் அமைதியாக உட்கார்ந்து கேட்ட நேயர்கள் இன்றும் இருக்கிறார்கள், இணையத்துக்கு வந்துவிட்டார்கள். பண்பலை வானொலிகளில் பாட்டுக்கு நடுவே மூன்று நிமிடச் செய்தி என்பது நிறுவனங்கள் எடுத்த முடிவு. ஆழமாகச் செய்தால் கேட்கமாட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நீங்களே ஒரு பத்து நிமிட ஒலித்துண்டு செய்து பகிருங்கள்.

அதே நேயர்: மைக் வாங்க வசதி இல்லை.

போன் போதும். பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டாகப் பிடியுங்கள். கடற்கரையில் காற்று இரைச்சல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வாகனத்துக்குள் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவுசெய்யுங்கள். செவ்வி முடிந்ததும் இறங்கி, அந்த இடத்துச் சத்தத்தைத் தனியாக அரை நிமிடம் எடுத்து வையுங்கள். தொகுக்கும்போது தேவைப்படும்.