கேளுங்கள், சொல்கிறேன்: மெஷின்களே டெண்டர் போடுமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் 4 விஎம்சி (உலோகத்தைக் குடைந்து செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின்), 3 சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கடைசல் மெஷின்) ஓடுகின்றன. பம்ப் பாகங்கள் ஜாப் ஒர்க். காலையில் நான் போடும் ஷெட்யூல் மதியத்துக்குள் குலைந்துவிடுகிறது. ‘ஏஜென்ட்’ மென்பொருள் வைத்தால் மெஷின்களே வேலையைப் பிரித்துக்கொள்ளும் என்கிறார் ஒருவர். நம்பலாமா ஐயா?
– ஒரு வாசகர், கணபதி, கோவை

பதில்: நம்பலாம். ஆனால் மென்பொருளுக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்.

நான் 18 வருடம் பிளானிங் மேஜையில் இருந்தவன். காலை 8 மணிக்கு எக்செல் ஷீட்டை சுவரில் ஒட்டுவேன். 10 மணிக்கு ஏதாவது ஸ்பிண்டில் சத்தம் போடும்; இல்லையென்றால், “அந்த 40 கேசிங் இன்னைக்கே வேணும்” என்று பம்பின் வெளிக்கூட்டுக்காக போன் வரும். அதோடு ஷீட் போச்சு. இது உங்கள் திறமைக் குறைவு இல்லை. ஒரே மெஷினில் 10 வேலையை வரிசைப்படுத்தவே 36,28,800 வழி உண்டு. 10 வேலை, 10 மெஷின் என்று 1963இல் அச்சில் வந்த ஒரு கணக்குக்கு, இதுதான் மிகக் குறைந்த நேரம் என்று நிரூபிக்க 1989 வரை ஆனது.

ஏஜென்ட் முறையில் ஒவ்வொரு மெஷினுக்கும், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சின்ன புரோகிராம் இருக்கும். “இந்த கேசிங்குக்கு யார் போரிங் (துளையைக் குடைந்து அளவாக்கும் வேலை) போடுகிறீர்கள்?” என்று ஆர்டர் கேட்கும். கையில் இருக்கும் வேலை, செட்டிங் மாற்றும் நேரம் எல்லாம் கூட்டி, எப்போது முடியும் என்று மெஷின்கள் சொல்லும். சீக்கிரம் முடிப்பதற்கு வேலை. 1980இல் ரீட் ஸ்மித் ‘கான்ட்ராக்ட் நெட்’ என்று வகுத்த முறை இதுதான். ஒரு மெஷின் நின்றால் அது டெண்டர் போடாது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஃபோர்ட் வேய்னில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் ஆலையின் பெயின்ட் பூத்களுக்கு இப்படிச் செய்தார்கள். பின்னால் இருந்தவர் பிஎல்சியின் (ஆலை மெஷின்களைக் கட்டுப்படுத்தும் சிறு கம்ப்யூட்டர்) தந்தை என்று நாம் சொல்லும் டிக் மோர்லி. அதே நிறம் அடித்துக்கொண்டிருக்கும் பூத் முந்திக்கொண்டு வண்டியைக் கேட்கும். நிறம் மாற்றினால் குழாயைக் கழுவ வேண்டும், பெயின்ட் வீண்.

உங்களுக்கு நிறத்துக்குப் பதில் ஃபிக்ஸ்சர், அதாவது பாகத்தை மெஷினில் பிடித்துவைக்கும் சாதனம். அதை இறக்கி, டேபிளைத் துடைத்து, அடுத்ததை ஏற்றி, டயல் வைத்து நேர் பார்த்து, ஆஃப்செட் (பாகம் இருக்கும் இடத்தின் அளவு) எடுத்து, முதல் பீஸுக்கு ஓகே வாங்க வேண்டும். என் ஷீட்டில் இதற்கு 20 நிமிடம் என்று இருந்தது. ஒருநாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்: 55 நிமிடம். அதில் 15 நிமிடம் கிரேனுக்குக் காத்திருந்தது. அந்த 20ஐ ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தால் நாள் முழுக்க பொய் டெண்டர்தான் போட்டிருக்கும்.

நோட்டு அதற்குத்தான். எந்த பாகத்திலிருந்து எதற்கு மாறினோம், எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஆபரேட்டரே ஒரு மாதம் எழுதட்டும். இதை வைத்து யாரையும் திட்டமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயந்தால் குறைத்து எழுதுவார்கள்.

இன்னொன்று. செட்டிங் மாற்றும் நேரத்தை மட்டும் பார்த்தால் 6 பீஸ் ஆர்டரை எந்த மெஷினும் சீண்டாது, மூலையிலேயே கிடக்கும். டெலிவரி தேதி நெருங்க நெருங்க அந்த ஆர்டரின் மதிப்பு ஏற வேண்டும். அப்புறம், விற்க வருபவரிடம் உங்கள் நோட்டைக் கொடுத்து அந்த ஒரு மாதத்தை மென்பொருளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் ஒரு விஎம்சியை நிறுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.