கல் வெந்தால் இளைக்கும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வீடு செவ்வாய்ப்பேட்டையில். தினமும் காலையில் பஸ் ஏறி மலைக்குப் போய் வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

போன வாரம் பருப்பொருளின் மூன்று நிலைகள் பாடம். ஐஸ்கட்டி திண்மம், தண்ணீர் திரவம் என்று சொல்லிவிட்டு, வாயுவுக்கு எடுத்துக்காட்டாக ஜன்னலுக்கு வெளியே இருந்த மூடுபனியைக் காட்டினேன். “அதோ பாருங்க, அதுதான் நீராவி” என்றேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “அது வாயுன்னா என் சட்டை எப்படி டீச்சர் நனைஞ்சுது?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உட்காரு, புக்குல இருக்கறத எழுது” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் அவன் கேட்டது சரி என்று தெரிந்தது. இரண்டு நாளாக மனசு சரியில்லை.

அடுத்த வாரம் இயற்பியல் மாற்றமும் வேதியியல் மாற்றமும் எடுக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம் என்று சொல்லிக்கொடுத்தால் போதுமா? பள்ளியில் ஆய்வகம் கிடையாது. தமிழில் நல்ல வீடியோக்கள் இருந்தால் சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று வகுப்பில் ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் மதிப்பார்களா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை, சேலம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேஜைமேல் அப்பாவின் எடை நோட்டு கிடந்தது. டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது. ஒரு வாரமாக அதை எடுப்பதும் புரட்டுவதும் மூடுவதுமாக இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மூடுபனியை நீராவி என்று சொன்னது பெரிய குற்றமில்லை. பாதி ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பையனை உட்காரச் சொன்னீர்களே, அதுதான் குற்றம். நீங்கள் சொன்னதை அவன் தன் சட்டையோடு வைத்துப் பார்த்தான், பொருந்தவில்லை, கேட்டான். உங்கள் பாடம் முழுவதும் எதற்காக இருக்கிறதோ அதை ஒரு பிள்ளை தானாகச் செய்திருக்கிறது. அதற்குக் கிடைத்தது ஒரு அதட்டலும் நாற்பது பேரின் சிரிப்பும். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் அவனை எழுப்பி, “நீ கேட்டதுதான் சரி, நான் சொன்னது தப்பு” என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள். மதிப்பார்களா என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேட்காதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மரியாதை வந்த இடம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன் என்கிறீர்களே, அது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வந்து, சமையலையும் முடித்துவிட்டு, ஒரு பையனின் சட்டைக்காகப் புத்தகத்தைத் திறந்தவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் உரிமை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

மூடுபனி என்பது தரைக்கு இறங்கிய மேகம். அதில் இருப்பவை தண்ணீர்த் துளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கோ அதைவிடச் சிறியதோ. திரவம்தான், அதனால்தான் சட்டை நனைகிறது. நீராவி கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் தளபுளவென்று கொதிக்கும்போது கெட்டில் மூக்கைப் பாருங்கள். மூக்கின் நுனிக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே விரலளவு இடம் வெறுமையாக இருக்கும். நீராவி இருப்பது அந்த வெறும் இடத்தில். வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து மறுபடி தண்ணீரானது. (ஏற்காட்டில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். புத்தகத்தில் 100 என்று இருக்கும். அது இன்னொரு நல்ல பாடம், இப்போது வேண்டாம்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் வகுப்பறை இருபதடிக்கு இருபதடி, உயரம் பத்தடி என்று வையுங்கள். ஜன்னலைத் திறந்து அறை முழுக்க மூடுபனி புகுந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் அந்த வெள்ளை அத்தனையையும் திரட்டினாலும் 20, 30 கிராம் தண்ணீர்தான் தேறும். ஆனால் அதே அறையில், 18 டிகிரிக் குளிரில், கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அறையில் இருக்கும் வெறும் காற்றின் எடை, அந்த உயரத்திலும்கூட, நூறு கிலோவுக்கு மேல். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நம்ப மாட்டார்கள். நம்பாதது நல்லது. நம்பாத இடத்திலிருந்துதான் வாயுவைப் பற்றிய பாடத்தை ஆரம்பிக்க வேண்டும். ‘வாயுவுக்கு எடை உண்டு, அது இடத்தை அடைத்துக்கொள்ளும்’ என்று எழுதிப் போட்டு, அவர்களும் எழுதிக்கொண்டு, அரையாண்டில் அதற்கு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஒருவருக்கும் அது உண்மை என்று தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை. அதன் விலை என்ன என்று சொல்கிறேன்.

என் அப்பா சேலத்தில் மாமாங்கம் என்ற இடத்துக்கு அப்பால் ஒரு வெள்ளைக்கல் சூளையில் எடைக் குமாஸ்தா. சேலத்துக்காரர்களுக்கு வெள்ளைக்கல் என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது மாக்னசைட். மக்னீசியம் கார்பனேட். சேர்வராயன் மலையடிவாரத்தில் செம்மண்ணுக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடும். வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துச் சாக்குக்கட்டி மலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே சாக்குக்கட்டி கிடையாது. கல்லைச் சூளையில் வேகவைத்தால் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். இரும்பு உருக்கும் உலைகளுக்குள்ளே பதிக்கிற செங்கல் அதிலிருந்து வருகிறது. 2800 டிகிரி வரைக்கும் உருகாத பொருள். சூளையின் மேல்வாயில் கல்லைக் கொட்டுவார்கள், கீழ்வாயில் வெந்த கல்லை இறக்குவார்கள். மேலே போனதையும் கீழே இறங்கியதையும் எடை போட்டு எழுதுவது அப்பாவின் வேலை.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் அந்தச் சூளைக்குப் புதுப் பங்குதாரர் ஒருவர் வந்தார். ஜவுளியில் சம்பாதித்தவர். நூறு கஜம் வாங்கினால் நூறு கஜம் விற்றாக வேண்டும் என்ற கணக்கு அவருக்கு. அப்பாவின் நோட்டைப் பார்த்தார். நூறு டன் உள்ளே போயிருக்கிறது, ஐம்பது டன்கூட முழுசாக வெளியே வரவில்லை. மீதி எங்கே என்று கேட்டார்.

“கல்லு வெந்தா இளைக்குங்க” என்றார் அப்பா.

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சூளையில் எல்லோருக்கும் தெரிந்ததும் அவ்வளவுதான். சோறு வெந்தால் பெருக்கும், கல் வெந்தால் எப்படி இளைக்கும் என்று அந்த ஆள் சிரித்தார். கல் கடத்தல் என்று முடிவு கட்டினார். விசாரித்து முடியும் வரை பாதிச் சம்பளம் என்றார். மூன்று மாதம் நடந்தது. அம்மா தன் கொலுசைக் கழற்றிக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று மாதத்துக்குள் எனக்குக் காலாண்டுப் பரீட்சை வந்தது. கால்சியம் கார்பனேட்டைச் சூடுபடுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் என்று சமன்பாடு எழுதினேன். கார்பன் டை ஆக்சைடுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட வேண்டும், போடாவிட்டால் அரை மார்க் போய்விடும். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டேன். முழு மார்க் வாங்கினேன். அந்த விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம்தான் கையெழுத்து வாங்கினேன்.

அந்த அம்புக்குறி அப்பாவின் சூளையைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, டீச்சரம்மா. திருடன் என்று சொல்லப்பட்ட மனிதர் கையெழுத்துப் போட்ட தாளிலேயே அவர் திருடன் இல்லை என்பதற்கான சாட்சி இருந்தது. கால்சியத்துக்குப் பதில் மக்னீசியம், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு மனப்பாடமாகத் தெரியும், ஆனாலும் தெரியாது. வாயு மேலே போய்விட்டது என்றால் அதோடு எடையும் போய்விட்டது என்று அதுவரை எனக்கு ஒருவரும் ஒரு தராசை வைத்துக் காட்டவில்லை.

கணக்கு எளிது. 84 கிலோ சுத்தமான மக்னீசியம் கார்பனேட் முழுக்க வெந்தால் 40 கிலோ ஆக்சைடு மிஞ்சும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போகும். நூறுக்குப் பார்த்தால் 48 மிச்சம், 52 காற்று. சூளைக்குள் கொட்டுகிற கல்லில் பாதிக்கு மேல் வாயு. அப்பாவின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இதே விகிதம். இந்த வாரம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மனிதர் எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்!

கடைசியில் சூளை மேஸ்திரிதான் காப்பாற்றினார். பங்குதாரர் கண்ணெதிரே ஒரு கல்லை எடை போட்டு, கம்பியில் கட்டிச் சூளைக்குள் விட்டு, மறுநாள் எடுத்து ஆறவைத்து மறுபடி எடை போட்டார். பாதிதான் இருந்தது. பங்குதாரர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை.

பின்னால் கல்லூரியில் ஜோசப் பிளாக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த மேஸ்திரி முகம்தான் வந்தது. பிளாக் ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்தவர். சிறுநீரகக் கல்லுக்கு மருந்து தேடி வெள்ளை மக்னீசியாவை ஆராய்ந்தார். அதுவும் மக்னீசியம் கார்பனேட் வகைதான், நம் வெள்ளைக்கல்லுக்குச் சொந்தம். சூடாக்கினார், எடை பெரிதாகக் குறைந்தது. ஈரம் போயிருக்கும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். போகவில்லை. குறைந்த எடையின் பின்னாலேயே போனார். 1754-ல் ஆய்வேடு, 1756-ல் விரிவான கட்டுரை. கல்லுக்குள் ஒரு காற்று கட்டுண்டு கிடக்கிறது என்று சொன்னார். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்பது அதைத்தான். நவீன வேதியியலின் அடித்தளங்களில் ஒன்று இப்படி ஒரு தராசின்மேல் எழுந்தது.

பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம் என்று நீங்கள் எழுதிய வரியைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். காகிதத்தைக் கிழித்தால் திரும்பாது, அது வேதியியல் மாற்றமா? சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, சுவரில் அடித்தால், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி அது மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே ஆகிவிடுகிறது. மூன்று வேதியியல் மாற்றம், திரும்பி வந்த இடம் ஆரம்பித்த இடம். புதுப் பொருள் உண்டானதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஜவ்வரிசி வேகும்போது நடப்பது எது என்று ஒரு பிள்ளை கேட்டால், பெரியவர்களே தயங்கும் இடம் அது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

வீடியோ இப்போதைக்கு வேண்டாம். ஆய்வகம் இல்லை என்று சொல்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்துகொண்டு தராசு இல்லை என்று சொல்லக் கூடாது! உங்கள் தெருவிலேயே கொலுசுப் பட்டறை இருக்கும். கிராமில் சிறு பங்கைக்கூடக் காட்டும் எலக்ட்ரானிக் தராசு அவர்களிடம் உண்டு. அரை கிலோ தாங்குவதாகப் பார்த்து ஒரு நாளைக்குக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு என்றால் கொடுப்பார்கள்.

வாய் அகன்ற லேசான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் 200 மில்லி வினிகர். ஒரு சின்னக் கிண்ணத்தில் 10 கிராம் ஆப்பசோடா. இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்து எடையை எழுதுங்கள். சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தெறிக்கக் கூடாது. நுரை அடங்கியதும் டப்பாவை மெதுவாக ஆட்டிவிட்டு, காலிக் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி எடை பாருங்கள். நாலரையிலிருந்து 5 கிராம் வரை குறைந்திருக்கும். ஒரு சொட்டும் சிந்தவில்லை, ஆனால் குறைந்திருக்கும். பலூன் கட்டிக் காட்டுகிற வழக்கம் உண்டு, அதை இன்றைக்குச் செய்யாதீர்கள். உப்பிய பலூனை வெளிக்காற்று மேலே தாங்கிப் பிடிக்கும், எடை தப்பாகக் காட்டும், பிள்ளைகள் குழம்புவார்கள்.

எங்கே போச்சு என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பத்து நிமிடம் ஆனாலும் சரி. ஈரம் என்பார்கள், ஆவி என்பார்கள், தராசு கெட்டுப்போச்சு என்பார்கள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சோடாவைப் போடுவது அந்தக் கடைசி பெஞ்சுப் பையனாக இருக்கட்டும். எடையையும் அவனே எழுதட்டும். என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அப்பாவின் நோட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறது, அதில் குறித்து வைக்கிறேன்.