மறதியைப் பற்றி டாக்டரிடம் அம்மாவை எப்படிப் பேச வைப்பது?

அம்மாவுக்கு 67 வயது, ஒரு வருடமாக மறதி கூடியிருக்கிறது, டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் “எனக்கு ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிடுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 72 வயது. பாபநாசம் பக்கம் விவசாயம். அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

மூன்று வருடத்துக்கு முந்தின குறுவையில் ஆடுதுறை 43 ரக நெல் நட்டிருந்தேன். வாய்க்கால் ஓரத்து இரண்டு மா நிலத்துக்கு யூரியா மேலுரம் போட்டேன். நாலு நாள் கழித்து அதே நிலத்துக்குத் திரும்பவும் போட்டிருக்கிறேன். பயிர் கரும்பச்சை கட்டி, இலைச்சுருட்டுப் புழு ஏறி, கதிர் முற்றும் சமயத்தில் சாய்ந்துவிட்டது. வீட்டில் கேட்டதற்குக் காற்று, மழை என்றேன். மோட்டார் கொட்டகையில் காலிச் சாக்கை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. அதன்பிறகு எட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. “பெரியவருக்குப் புத்தி தடுமாறுது” என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால் பீரோ சாவியும் பாஸ்புக்கும் மறுநாளே கைமாறிவிடும் என்று பயந்தேன். உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஏதோ ஒரு பயம் இருக்கலாம். சிலருக்கு, தான் மறப்பதே தெரியாமல் போவதும் மறதி நோயின் குணம்தான். எப்படியானாலும் அவரைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

முதலில் பார்த்த டாக்டரிடம் கால் மதமதப்பு, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து வெளியே வரும்போது “கொஞ்சம் மறதியும் இருக்கு” என்றேன். “வயசாச்சுல்ல ஐயா” என்றார், முடிந்தது. வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்கும்போது வாசற்படியில் சொல்வது யார் காதிலும் ஏறாது. மறதிக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் மகள் அழைத்துப் போனாள். அவள் யோசனைப்படி இரண்டு காரியம் செய்தோம். நடந்ததையெல்லாம் தேதி போட்டு அரைப் பக்கம் எழுதினோம்: யூரியா இரண்டு தடவை, அடுப்பில் பால் மூன்று தடவை, தெரிந்த தெருவில் ஒரு நாள் வழி தவறியது. “மறதி ஜாஸ்தி” என்று பொதுவாகச் சொன்னால் டாக்டருக்குப் பிடி கிடைக்காது. இன்னொன்று, வீட்டில் இருந்த அத்தனை மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

அந்தப் பைதான் கதையை மாற்றியது. சுகருக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை. பல வருடம் சாப்பிட்டால் உடம்பில் பி12 என்ற வைட்டமின் சத்தைக் குறைக்கக் கூடியது. நான் சைவம் வேறு, சாப்பாட்டிலும் அந்தச் சத்து குறைவு. பி12 குறைந்தால் மறதியும் வரும், கால் மதமதப்பும் வரும். மதமதப்பைச் சுகர் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையும், அடிக்கடி போட்ட சளி மாத்திரையும் வயதானவர்களுக்கு நினைவை மந்தமாக்கும் என்றார். பி12, தைராய்டு, சோடியம் என்ற உப்புச் சத்து எல்லாம் ரத்தத்தில் பார்த்தார்கள். வரப்பில் விழுந்து தலையில் அடிபட்டதைச் சொன்னதும், உள்ளே ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள். மனச்சோர்வும் மறதி மாதிரியே தெரியுமாம், அதையும் விசாரித்தார்.

பிறகு கேள்விகள். டாக்டர் என்னைக் கேட்க, மகள் பதில் சொன்னாள். “அம்மா, அவரே சொல்லட்டும். உங்ககிட்ட அப்புறம் தனியாக் கேக்கறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தெம்பு வந்தது. இன்றைக்கு என்ன தேதி என்றார். ஆவணி 14 என்றேன். ஏட்டில் இல்லாத பதில், ஆனால் சரியான பதில் என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னார். உங்கள் அம்மா தமிழ்த் தேதியிலும் திதியிலும் வாழ்பவர் என்றால், எத்தனாவது வரை படித்தார், காது எப்படிக் கேட்கிறது என்பதையும் சேர்த்து முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நினைவுச் சோதனையில் கடிகாரம் வரையச் சொல்வதுண்டு; பள்ளிக்கூடமே போகாத ஒருவரை அப்படி வரையச் சொல்லி மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

பி12 ஊசி போட்டார்கள். தூக்க மாத்திரையை டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆறேழு மாதத்தில் நன்றாகத் தெளிந்தது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். என் சிநேகிதர் ஒருவருக்கு அல்சைமர் என்று வந்தது. அதற்கு மாத்திரை உண்டு, குணமாக்கும் மாத்திரை இல்லை. ஆனாலும் சீக்கிரம் போனதால், நிலத்தை யாருக்கு எப்படி என்று தன் வாயாலேயே சொல்லிப் பத்திரம் எழுதி வைத்தார்.

ஒன்று முக்கியம். ஓரிரு நாளில் திடீரென்று பிதற்றல், ஆள் அடையாளம் தெரியாமல் போவது என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கிருமித்தொற்றாகவோ சோடியம், சர்க்கரை இறங்கியதாகவோ இருக்கலாம்.

அம்மாவிடம் “உனக்கு மறதி, டாக்டர்கிட்ட வா” என்று ஆரம்பிக்காதீர்கள். என் மகள் கேட்டது இதுதான்: “அப்பா, மாத்திரையெல்லாம் ஒருதடவை காட்டிட்டு, மறதிக்கும் கேட்டுட்டு வருவோம். உள்ள நீங்கதான் பேசணும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்.” சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.