வீட்டில் தீப்பிடித்தால் வளர்ப்புப் பிராணிகளை எப்படிக் காப்பாற்றுவது?

வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன, தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

மார்கழி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ராத்திரியெல்லாம் வீசும். கொசுவுக்காக மாட்டுச்சாளையில் போட்ட புகையிலிருந்து பொறி பறந்து ஓலைக்கூரையில் பற்றிக்கொண்டது. உள்ளே ஒரு பசு, மூலையில் அதன் கன்று. அப்பா பசுவின் தும்பை அவிழ்க்கப் போனார். மிரண்ட மாடு இழுக்க இழுக்க முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. நகம் பிய்ந்து ரத்தம் வந்ததே தவிர முடிச்சு அசையவில்லை. அம்மா கொடுவாளோடு ஓடிவந்த பிறகுதான் கயிறு அறுந்தது. வெளியே வந்த பசு நிற்கவில்லை. கன்று கத்துவதைக் கேட்டுத் திரும்ப உள்ளே பாயப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் கூரை இறங்கிவிட்டது. கன்று போய்விட்டது.

அதனால் மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: கன்றை முதலில் வெளியே கொண்டுவாருங்கள், தாய் பின்னாலேயே வரும். ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாகப் போடுங்கள். கொடுவாள் சாளைக்கு வெளியே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கொசுப் புகையைப் படுக்கப் போகும்முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

சரி, உங்கள் நாய்க்கு வருகிறேன். ராத்திரி சங்கிலியில் கட்டாதீர்கள். கட்டத்தான் வேண்டுமென்றால் இருட்டிலும் கழற்ற வருகிற கொக்கியாக இருக்கட்டும். பூனை வேறு மாதிரி. பயந்த பூனை வாசலுக்கு ஓடாது, கட்டிலடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ ஒடுங்கிக்கொள்ளும். உங்கள் பூனைகள் எங்கே ஒளியும் என்று இப்போதே பார்த்து வையுங்கள். தூக்கும்போது துண்டைப் போட்டுச் சுற்றித் தூக்குங்கள், இல்லாவிட்டால் பிறாண்டும்.

முதலில் குழந்தைகளும் பெரியவர்களும் வெளியே வரட்டும். புகை மேலே நிற்கும், தவழ்ந்து வாருங்கள். தீ எரியும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வாசல் கதவை மட்டும் திறந்துவிட்டு, வெளியில் நின்று நாயையும் பூனைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தயவுசெய்து திரும்ப உள்ளே போகாதீர்கள். நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடும்.

அப்புறம் கேஸ். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். நாயும் பூனையும் படுப்பதும் அங்கேதான். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியேறி, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

தீயணைப்புக்கு 101. எங்களைப் போல் கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் இருந்தால் செல்போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் எடுத்தவுடன் மாநிலத்தையும் ஊரையும் சொல்லுங்கள். வண்டி வந்ததும், பூனை எந்த அறையில் எந்தக் கட்டிலடியில் இருக்கும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். புகைக்குள் போக அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.